ஒருநாள் விட்டு ஒருநாள்

கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு கீரி. கருத்தக்கண்ணனின் கால்களுக்கு இடையே பாய்ந்து, வரப்பேறி, சோளத்தட்டைக்குள் மறைந்தது. அவன் துண்டை மூக்கோடு கட்டிக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் குனிந்தான். உரச்சாக்குகள், உடைந்த ஸ்டார்ட்டர் பெட்டி, எலிப்புழுக்கை. எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரில் தோள் சாய்த்து, அப்பாவின் ஜாவா மோட்டார் சைக்கிள் நின்றது.

இரண்டு டயரும் தரையோடு ஒட்டிப் போயிருந்தன. சீட்டுக்குள் கீரி குடித்தனம் நடத்தியிருந்தது. டாங்கைத் தட்டினான், உள்ளே துரு பொரி மாதிரி சலசலத்தது. கிக்கர்மேல் ஏறி மொத்த எடையையும் வைத்து நின்றான். அது ஒரு நூல்கூட இறங்கவில்லை.

கயிறு கட்டி இழுத்தான். மூன்றாவது இழுப்பில் டயர் தரையை விட்டது. பதினாலு வருசத்துக்குப் பிறகு வண்டி வெயிலுக்கு வந்தது. எம்.டி.யூ. 3816. தேனி தனி மாவட்டமாகி எட்டு வருசம் ஆகியும், பிளேட்டில் இன்னும் மதுரைதான்.

கிணற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன் வேல்பாண்டி வாய்க்காலில் மண் வெட்டிக்கொண்டிருந்தான். கிணற்றுத் தண்ணீர் இருவருக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள், அன்றைக்கு அவன் முறை. மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அண்ணன் தம்பிக்குள் இரண்டு வருசமாகப் பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியதை மாட்டிடமோ ஆத்தாளிடமோதான் சொல்வார்கள், அடுத்தவன் காதில் விழுகிற சத்தத்தில்.

"ஏலே செவலை," என்றான் வேல்பாண்டி தன் காளையிடம். "பழைய இரும்புக்காரன் வந்திருக்கான். காலை மடக்கிக்க. உன் லாடத்தையும் கழட்டிருவான்."

கருத்தக்கண்ணனுக்குப் பக்கத்தில் மாடு இல்லை. அவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னான்: "இங்கன செல பேருக்கு வாயிதான் ஊறுது. கெணறு ஊறக் காணோம்."

இரண்டு வருசத்துக்கு முன் இதே கிணற்று மோட்டாருக்குள் செம்புக்கம்பிக் காயில் கருகியது. வேல்பாண்டியின் தக்காளி அப்போது காய்விட்டு நின்றது. அவன் யாரிடமும் கேட்காமல் மோட்டாரைக் கழற்றி உத்தமபாளையத்தில் காயில் கட்டிக்கொண்டு வந்து, பாதிச் செலவு கேட்டான். பொதுக் கிணற்றில் ஒரு வழக்கம் இருந்தது. பங்காளியிடம் சொல்லாமல் பொதுச்சொத்தில் கை வைத்தால் செலவு கை வைத்தவனுக்கு. கருத்தக்கண்ணன் அந்த வழக்கத்தை ஊர்ச் சாவடியில் சொல்லி, ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. தக்காளி கருகுகிறது, தொடர்ந்து இரண்டு நாள் தண்ணீர் விடு என்று அண்ணன் ஆத்தாளை அனுப்பிக் கேட்டதற்கும் முறை தப்பாது என்று சொல்லி அனுப்பினான்.

அந்த வழக்கப்படி இப்போது வண்டியைத் தொடுமுன் அவன் அண்ணனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்பதென்றால் வாயைத் திறக்க வேண்டும். வேல்பாண்டி காறித் துப்பிவிட்டு மறுபடி மண் வெட்ட ஆரம்பித்தான். அதையே சம்மதமாக வைத்துக்கொண்டு கருத்தக்கண்ணன் வண்டியை உருட்டினான்.

அவனுக்கு எட்டு நாள் இருந்தது.

ஓடைப்பட்டி ராஜமணிக்கு இரண்டு திராட்சைத் தோட்டங்கள். ஒன்று ஓடைப்பட்டியில், ஒன்று சுருளிப்பட்டியில். இருபது வருசமாகக் கருத்தக்கண்ணன் அந்தப் பந்தல்களுக்கு அடியில் கையை மேலே தூக்கியபடி கொடிகளை நறுக்கிக் கவாத்து வெட்டியிருக்கிறான். கூலி. கழுத்து எலும்பு தேய்ந்து, இப்போது சாயங்காலமானால் சோற்றைக் குனிந்து பார்த்துப் பிசைய முடியவில்லை. இந்த வருசம் பழைய காண்ட்ராக்டரோடு ராஜமணிக்குச் சண்டை.

"கவாத்தை உன்கிட்டயே விடுறேன்," என்றிருந்தார் ராஜமணி முந்தின நாள். "பத்து நாளு. ரெண்டு தோட்டமும் ஒண்ணா நடக்கணும். ஒருநாள் விட்டாலும் தளிரு முன்னப்பின்ன வரும், காயி முன்னப்பின்ன பழுக்கும், யாவாரி பாதி வெல கேப்பான். தளிர வெக்கிற மருந்து ஓடைப்பட்டி ரூம்புலதான் இருக்கும். அன்னன்னைக்கு அளந்து தருவேன். காலைல ஆறு மணிக்கு வாங்கி, இங்கன ஆளை விட்டுட்டு, வெயிலுக்கு முந்தி அங்கன கொண்டு போகணும். வெட்டுன கண்ணுல அன்னைக்கே மருந்து வெக்கலைன்னா வெட்டுனதே வீணு. உன்கிட்ட வண்டி இருக்கா?"

"இருக்குங்க."

"பொய் சொல்லாத."

"இருக்குங்க. எங்கய்யா வண்டி."

"அடுத்த திங்கக்கெழமை காலைல ஆறு மணிக்கு வண்டியோட கேட்டுல நில்லு. இல்லைன்னா கூலிக்கு நில்லு. நிக்காமயும் போ. எனக்கு ஒண்ணுமில்ல."

பத்து நாள் காண்ட்ராக்ட் சரியாக நடந்தால் அடுத்த கவாத்தும் அவனுக்கே. கையைத் தூக்காமல் ஒரு வேலை. கருத்தக்கண்ணன் தன் ஊரான அனுமந்தன்பட்டி வரும்வரை பஸ்ஸில் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தான்.

வீட்டு வாசலில் ஜாவாவைப் பார்த்ததும் அவன் மனைவி நாகஜோதி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"இதுக்கா என் ஆட்டை விக்கணும்னீக?"

"ஓடுச்சுன்னா பத்து நாள்ல ரெண்டு ஆடு."

"ஓடலைன்னா?"

அவன் ஆட்டின் கயிற்றை அவிழ்த்தான். மறுநாள் சந்தையில் ஆடு இரண்டாயிரத்து நூறுக்குப் போனது. அவ்வளவுதான் பணம்.

சின்னமனூரில் இனியன் மெக்கானிக் கடையில் அவன் போய் நின்றபோது இனியன் ஒரு புது ஹீரோ ஹோண்டாவுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். கருத்தக்கண்ணன் வயர்க்கூடைக்குள் இருந்து என்ஜின் சிலிண்டரை எடுத்துத் தரையில் வைத்தான். அதற்குள் பிஸ்டன் இறுகிக் கிடந்தது. வீட்டில் இரண்டு நாள் டீசல் ஊற்றி வைத்தும், கட்டையால் அடித்தும் இளகவில்லை. இதைக் கொண்டு வந்ததற்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்திருந்தான்.

"என்னய்யா இது, அம்மிக்கல்லா?" என்றான் இனியன்.

"ஜாவா."

"ஜாவாவா? யோவ், இதைத் தொட்டா என் ஸ்பேனரு கோவிச்சுக்கும். எடைக்குப் போட்டுட்டு பேரீச்சம்பழம் வாங்கித் தின்னு."

"பிஸ்டனை எறக்கி, சிலிண்டரைக் கடைஞ்சு போர் போட்டுக் குடு. பூட்டுறதை நான் பாத்துக்கிருவேன்."

"பிஸ்டன் வேற யாரு குடுப்பா? கம்பெனியே எப்பவோ மூடியாச்சு."

"தேனியில பழைய கடையில சொல்லி வெச்சிருக்கேன்."

"சரி, கொண்டா. ஆனா முழுக் காசும் முன்னாடி. ஓடலைன்னு சொல்லி என் கடை வாசல்ல நின்னீன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

தேனிப் பழைய இரும்புக்கடைக்காரன் ஒரு ஜாவா பிஸ்டனுக்குக் கேட்ட விலையில் ஆட்டின் முன்னங்கால் இரண்டும் போயின. இனியனின் கூலியில் பின்னங்கால்கள் போயின. மீதியில் பாயிண்ட் செட், கண்டன்சர், ஒரு பழைய ஆறு வோல்ட் பேட்டரி, கம்பத்தில் வாங்கிய ரீட்ரேட் டயர். பின்டயருக்குக் காசில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் உள்பக்கமாகப் பழைய டியூபை வெட்டி ஒட்டினான். கார்புரேட்டருக்குள் மிதவையில் ஊசித்துளை. ரேடியோ ரிப்பேர் கடையில் கெஞ்சி ஈயம் வைத்துக்கொண்டான். சைலன்சர் இரண்டையும் அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்துச் சுட்டான். கரி கட்டிகட்டியாக உதிர்ந்தது.

டாங்கைக் கழுவத்தான் இரண்டு ஆள் வேண்டியிருந்தது. உள்ளே ஒரு படி கூழாங்கல்லும் சோப்புத்தூளும் போட்டு, அவன் ஒருபக்கம், நாகஜோதி ஒருபக்கம் பிடித்து முறத்தில் புடைப்பது போல் ஆட்டினார்கள். செம்மண் கரைசல் மாதிரி தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"என் ஆடு இந்நேரம் குட்டி போட்டுருக்கும்," என்றாள் அவள்.

"ஆட்டு."

"அதத்தானே ஆட்டுறேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவள் உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை நாலு மணி. பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றி, கருத்தக்கண்ணன் கிக்கரை உதைத்தான். தெரு வேடிக்கை பார்த்தது. இருபது. முப்பது. ஒருவன் சத்தமாக எண்ணினான். வேட்டி தொடையில் ஒட்டியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி மாட்டினான். நாற்பத்தொன்றில் ஒரு இருமல். நாற்பத்திரண்டில் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலில் தோல் பிய்ந்தது. அவன் காலைப் பார்க்கவில்லை. நாற்பத்து மூன்று.

வண்டி எழுந்தது. இரண்டு சைலன்சரும் நீலப்புகையைக் கக்கி எதிர்வீட்டை மறைத்தன. பட்பட்டென்ற சத்தத்தில் ஓட்டுமேல் இருந்த புறாக்கள் கிளம்பின. கருத்தக்கண்ணன் ரத்தம் வழியும் காலோடு உட்கார்ந்து, உத்தமபாளையம்வரை போய்த் திரும்பினான்.

அண்ணன் வாசல் நாலு வீடு தள்ளி. அங்கே வேல்பாண்டி வேப்பங்குச்சியைக் கடித்தபடி நின்றுகொண்டிருந்தான். இந்த முறை காளையிடம் எதுவும் சொல்லவில்லை. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு ஊர்ச் சாவடிப் பக்கம் நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர் வழக்குத் தீர்க்கும் பெரியதனக்காரர் முத்துவீரன் முன்னால் இருவரும் நின்றார்கள். ஆளுக்கொரு தூணோரம்.

"ஆர்.சி. புக்கு யாரு பேர்ல இருக்கு?"

"எங்கய்யா பேர்ல," என்றான் கருத்தக்கண்ணன்.

"பாகப் பத்திரத்துல வண்டி வருதா?"

"வரலைங்க. அப்ப அது இரும்பு. யாரும் கேக்கல."

"எழுதாததெல்லாம் பொது. மோட்டார் ரூம்பும் பொது. பொது ரூம்புல கெடந்த பொதுச் சாமானை எடுக்கும்போது பங்காளிகிட்டக் கேட்டியா?"

"பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு."

"பாத்தாரான்னு கேக்கல. கேட்டியான்னு கேட்டேன்."

வேல்பாண்டி பெரியதனக்காரரிடம் சொன்னான்: "மாமா, எனக்குப் புதுச் சட்டம் எதுவும் வேணாம். ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே எடத்துல நின்னு அவுக வாயால சொன்ன சட்டம் போதும்."

ஆத்தா மொக்கம்மாள் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சோறும் முறைதான். ஒரு மாதம் பெரியவன் வீட்டில், ஒரு மாதம் சின்னவன் வீட்டில். இது பெரியவன் மாதம்.

"மொக்கம்மா, நீ சொல்லு. உன் புருசன் சுருளிவேலு வண்டியை யாருக்குன்னு சொன்னாக?"

"ரெண்டு பேருக்கும்னாக," என்றாள் அவள்.

"ஆத்தா!" கருத்தக்கண்ணன் தூணை விட்டு வந்துவிட்டான். "போன மாசம் என் வீட்டுல உக்காந்து சோறு திங்கயில, சின்னவனுக்குத்தான்னு உங்கய்யா சொன்னாகன்னு நீ சொல்லல?"

"அது போன மாசம்டா."

சாவடியே சிரித்தது. மொக்கம்மாள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பெரிய மருமகள் நின்ற பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"அவுகளுக்கு ஓட்டத் தெரியாது மாமா," என்றான் கருத்தக்கண்ணன். குரல் இறங்கியிருந்தது. "வெச்சு என்ன செய்யப் போறாக? எனக்குப் பத்து நாளு தொடர்ச்சியா விடச் சொல்லுங்க. பொறகு இருவது நாளு அவுகளே வெச்சுக்கிரட்டும். கவாத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட முடியாது. காண்ட்ராக்ட் போயிரும்."

வேல்பாண்டியின் கழுத்து நரம்பு புடைத்தது. "என் தக்காளி கருகுனப்போ ரெண்டே ரெண்டு நாளு தொடர்ச்சியாக் கேட்டு விட்டேனே, அப்ப என்ன சொன்னாகன்னு கேளுங்க மாமா. முறை தப்பாதுன்னு சொன்னாக. ஒண்ணரை ஏக்கரு. மாடு மேய விட்டேன்."

முத்துவீரன் கருத்தக்கண்ணனைப் பார்த்தார். "சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப கெணத்துக்கு உள்ளதுதான் வண்டிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள். திங்கக்கெழமை சின்னவன், செவ்வா பெரியவன். காலைல ஆறு மணிக்குக் கை மாத்தணும். அவுகவுக முறைக்கு அவுகவுக பெட்ரோலு. கேக்காமக் கை வெச்ச செலவு சின்னவனோட. எந்திரிங்க."

திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஜாவா ஓடைப்பட்டித் தோட்டத்து கேட்டில் நின்றது. ராஜமணி வண்டியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். டயரை மிதித்துப் பார்த்தார்.

"ஓடுமா, இல்ல காட்டுறதுக்குத்தானா?"

"ஓடும்ங்க."

மருந்தை அளந்து கேனில் ஊற்றிக் கொடுத்தார். கருத்தக்கண்ணன் எட்டு ஆண்களைப் பந்தலுக்கடியில் பிரித்து விட்டான். எந்தக் கொடியில் எத்தனை தளிர்க்கண் விட்டு வெட்ட வேண்டும் என்று முதல் வரிசையை வெட்டிக் காட்டினான். பிறகு கத்தரியை இடுப்பில் செருகி, கேனைப் பெட்ரோல் டாங்கின் மேல் கட்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று விரட்டினான். எட்டரைக்குச் சுருளிப்பட்டி. அங்கே ஜக்கம்மா தலைமையில் ஒன்பது பெண்கள் விடியற்காலையிலிருந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய கண்களில் சாறு துளித்துத் துளித்து அவர்கள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏ, காண்ட்ராக்டரு வந்துட்டாக, கையைத் தூக்குங்கடி!" என்றாள் ஜக்கம்மா. "அண்ணே, எங்களை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவீகளா?"

"மருந்தை வெச்சு முடிங்க. பொறகு குமுளிக்கே போவம்."

அவர்கள் கைகளில் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, கேனில் பிரஷை முக்கினார்கள். பதினொரு மணிக்கு மருந்து வைத்து முடிந்தது. ஒரு மணிக்கு அவன் திரும்ப ஓடைப்பட்டியில் இருந்தான். அன்று ஒருமுறைகூட அவன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டாங்குக்கு அடியில் பாட்டிலை வைத்துக் குழாயைக் கழற்றினான். கடைசிச் சொட்டுவரை இறக்கினான். அவரவர் முறைக்கு அவரவர் பெட்ரோல்.

"ஆயிலு கலந்துதான் ஊத்தணும்னு அங்கன சொல்லி விடுங்க," என்றாள் நாகஜோதி.

"யாருகிட்டச் சொல்ல? காளைகிட்டயா?"

"ஆத்தாகிட்டச் சொல்லலாமுல்ல."

"அவனுக்கு அதுல உக்காரக்கூடத் தெரியாது. வாசல்ல நிப்பாட்டி ஊருக்குக் காட்டுவான். காட்டட்டும்."

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வேல்பாண்டி வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வண்டியை உருட்டிக்கொண்டு போனான். கருத்தக்கண்ணன் தெருவில் இரண்டு வீடுகளில் டி.வி.எஸ். மொபெட் கேட்டுப் பார்த்தான். இரண்டும் பால் எடுக்கப் போயிருந்தன. பஸ் ஏறி ஓடைப்பட்டிக்குப் போய்ச் சேரும்போது ஒன்பது. கேட்டில் நின்ற எட்டுப் பேரும் பீடி பிடித்து முடித்திருந்தார்கள். ராஜமணி அளந்து கொடுத்த கேனை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறினான். மருந்து நாற்றம் தாங்காமல் ஒரு கண்டக்டர் அவனை வழியில் இறக்கி விட்டான். சுருளிப்பட்டிப் பந்தலை அவன் அடைந்தபோது மணி ஒன்றரை.

பெண்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வெட்டுவாய்கள் காய்ந்து வெளுத்திருந்தன.

"மருந்து பஸ்ல வருதாம்டி," என்றாள் ஜக்கம்மா. இன்றைக்கு அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. "உக்காந்த நேரத்துக்குக் கூலி யாரு தருவா? நீங்களா, உங்க மொதலாளியா?"

பின்னாலேயே ராஜமணியின் ஜீப் வந்தது. அவர் ஒரு கொடியை இழுத்து, வெட்டிய இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"வண்டி எங்க?"

கருத்தக்கண்ணன் சொன்னான். சாவடி, முறை, எல்லாம்.

ராஜமணி முழுவதும் கேட்டார். "உங்க வீட்டு முறைக்கு என் கொடி தளிருமா?" என்றார். "நாளைக்கு உன் முறைதான? நாளைக்கு வா. நாளன்னைக்கு அவன் கைல கால்ல விழுவியோ, வாடகைக்கு எடுப்பியோ, அது உன் பாடு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வண்டி சத்தம் கேக்கலைன்னா பழைய காண்ட்ராக்டரு ஆளுக ஏழரைக்கு எறங்கிருவாக. அவன்கிட்டப் பேசிட்டேன்."

கருத்தக்கண்ணன் அனுமந்தன்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. வழியெல்லாம் ஒரே யோசனை. அண்ணன் காலில் விழுந்துவிடலாம். காயில் கட்டிய காசில் பாதியை, இந்தக் காண்ட்ராக்டில் வருகிற பணத்திலிருந்து, ஆத்தாள் கையில் கொடுத்து அனுப்பலாம். தெருமுனை திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது.

அண்ணன் வாசலில் ஜாவா சென்டர் ஸ்டாண்டில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. வேல்பாண்டி மேலே உட்கார்ந்து ஆக்சிலேட்டரைப் பிடித்திருந்தான். தலையில் துண்டு உருமா. இந்த வண்டியில் கிக்கரை முன்னால் மடக்கினால் அதுதான் கியர். உதைத்துவிட்டு மிதித்ததில் கியர் விழுந்திருந்தது. பின்சக்கரம் தரைக்கு நாலு விரல் மேலே, காற்றில் வெறிபிடித்துச் சுற்றியது. தன் முறையன்று வயல் நிரம்பிய பிறகும் தண்ணீரை ரோட்டில் ஓடவிடுகிற ஆட்களைக் கருத்தக்கண்ணன் பார்த்திருக்கிறான். அவனே ஓரிரு தரம் விட்டிருக்கிறான்.

ஆனால் அவனை நிறுத்தியது சக்கரமில்லை. புகை. சைலன்சரில் புகையே இல்லை. ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடுகிற என்ஜின் நீலமாகப் புகைய வேண்டும். இது சுத்தமாக, தெளிவாக, வெறும் பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகப் போர் போட்ட சிலிண்டர். இறுக்கமான பிஸ்டன். பட்பட் போய், ஓட்டைச் சுரண்டுகிற மாதிரி ஒரு கீச்சு அடியில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஆத்தா!" என்று கத்தினான். மொக்கம்மாள் வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஆயிலு ஊத்தலை ஆத்தா! நிப்பாட்டச் சொல்லு! இறுகிரும்!"

"பெரியவனே, நிப்பாட்டணுமாம்."

"நிப்பாட்டத்தான் சொல்லுவாக," என்றான் வேல்பாண்டி. "ஒரு லிட்டரு என் காசுல ஊத்திருக்கேன். சாயந்தரம் ஆறு இல்ல ஆத்தா, நாளைக்கு விடிய ஆறு வரைக்கும் என் முறைன்னு சொல்லு."

"அண்ணே, நிப்பாட்டுண்ணே!"

இரண்டு வருசத்துக்குப் பிறகு அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்தது. வேல்பாண்டி திரும்பிப் பார்த்தான். ஒரு கணம் அவன் கை தளர்ந்த மாதிரி இருந்தது. தெருவில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் பார்த்தான். பிறகு ஆக்சிலேட்டரைக் கடைசிவரை முறுக்கினான்.

கருத்தக்கண்ணன் ஓடிப்போய் பிளக் வயரைப் பிடுங்கக் கையை நீட்டுமுன், உள்ளே ஏதோ கடித்தது. ஒரே ஒரு கிறீச். சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் அப்படியே நின்றது. சுட்ட இரும்பு வாசனை வாசல் முழுக்கப் பரவியது. மொக்கம்மாளின் முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"ஓட்டத் தெரியாட்டி என்ன, ஓட்டிட்டேன்ல," என்றான் வேல்பாண்டி, கூட்டத்திடம். சொல்லும்போது வண்டியிலிருந்து இறங்கியவன், கிக்கரை ஒருமுறை மிதித்தான். மறுபடி மிதித்தான். அவன் முகம் மாறியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

புதன்கிழமை விடிந்தது. நாகஜோதி வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். கருத்தக்கண்ணன் கத்தரியை இடுப்பில் செருகியிருந்தான். ஆறி இளகியிருக்கும் என்று ராத்திரி முழுக்க அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆயில் கலந்த பெட்ரோல் பாட்டில் கையில் இருந்தது.

ஆறு மணிக்கு வேல்பாண்டியும் அவன் மச்சினன் ஒருவனும் வண்டியைக் கொண்டு வந்தார்கள். உருட்டிக்கொண்டு அல்ல, இழுத்துக்கொண்டு. கியரில் இறுகிய என்ஜின் பின்சக்கரத்தைப் பிடித்து வைத்திருந்தது. மூச்சு வாங்க வாசலில் நிறுத்தினார்கள். மொக்கம்மாள் பின்னால் வந்தாள்.

"ஆத்தா, மணி ஆறு," என்றான் வேல்பாண்டி, எந்தப் பக்கமும் பார்க்காமல். "அவுக முறைன்னு சொல்லிரு."

"உன் முறையாம்ப்பா," என்றாள் மொக்கம்மாள்.

அவர்கள் திரும்பி நடந்தார்கள். ஓடைப்பட்டிப் பக்கம் போகிற ஒரு வேன் மெயின் ரோட்டில் ஆரன் அடித்துவிட்டுப் போனது. கருத்தக்கண்ணன் பாட்டிலோடு நின்றான். அண்ணன் வாசலிலிருந்து அவன் வாசல்வரை, சாணி தெளித்த ஈரத்தில், ஏரின் கொழுமுனை இறங்கியது போல் ஒரே கோடு கிடந்தது. நாலு வீட்டு வாசலையும் அறுத்து, நாகஜோதியின் கோலத்துக்கு நடுவே வந்து, உருளாத சக்கரத்துக்கு அடியில் அது முடிந்திருந்தது.